எதிர்க்கடை

"உனக்கு டை அடிக்க மாட்டேன். எந்திரி."

போர்த்தின துணியைச் சட்டென்று உருவிவிட்டார் சலூன்காரர். நாற்காலியில் இருந்த வாட்ச்மேனுக்கு முகம் சுண்டிப்போச்சு. பன்னிரண்டு வருஷ வாடிக்கை ஆச்சே!

"அண்ணே, விளையாடாதீங்க. நாளைக்குக் காலையில புது மேனேஜர் எங்களை வரிசையா நிக்க வச்சுப் பார்க்கப் போறாரு. நரைச்ச தலையை எல்லாம் வீட்டுக்கு அனுப்பப் போறதாப் பேச்சு. இந்த வேலையும் போச்சுன்னா எனக்கு வேற நாதியில்லை."

"தெரியும்."

"தெரிஞ்சுமா எந்திரிங்கறீங்க?"

"போன மாசம் டை அடிச்ச மறுநாள் கண்ணைத் திறக்க முடியாம வந்து நின்னியே. மூஞ்சி பலூன் கணக்கா இருந்துச்சு."

"பூச்சி ஏதாச்சும் கடிச்சிருக்கும். இத்தனை வருஷமா ஒத்துக்கிட்ட உடம்பு, இப்ப மட்டும் ஒத்துக்காமப் போயிடுமா?"

"போகும்பா. உடம்புக்குள்ளயும் உன்னை மாதிரி காவக்காரங்க இருக்காங்க. தினம் வந்துபோற ஆளைச் சும்மாதான் விடுவாங்க. திடீர்னு ஒருநாள் அவனைத் திருடன்னு முடிவு கட்டிட்டா, அப்புறம் அந்த முகத்தை லேசுல மறக்க மாட்டாங்க. திரும்ப வந்தா எல்லாரும் தடியைத் தூக்கிடுவாங்க. அந்த அடிதடியில வீடே இடிஞ்சு விழுந்துடும். அன்னிக்குக் கண்ணு வீங்குச்சு. இன்னிக்குத் தொண்டை வீங்கினா மூச்சு எந்த வழியா வரும்?"

"எந்த ஆஸ்பத்திரியில நீங்க பெரிய டாக்டரு?"

சலூன்காரர் டைக் கிண்ணத்தை எடுத்து அலமாரிக்குள் வைத்தார்.

"அடுத்தவன் வயித்துல அடிக்கிறதுன்னே முடிவு பண்ணிட்டீங்க. இருக்கட்டும். எதிர்க்கடையில உங்க தம்பி இருக்காரு, அடிச்சுவிடுவாரு."

அண்ணனும் தம்பியும் பேசி ஆறு வருஷம் ஆச்சு. என்ன தகராறு என்று தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது.

வாட்ச்மேன் விறுவிறுவென்று ரோட்டைத் தாண்டி, எதிர்க்கடை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தம்பி, கருகருன்னு அடிச்சுவிடு."

தம்பிக்காரன் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தான். புருவத்துத் தழும்பைப் பார்த்தான். கையில் எடுத்த துணியை மடித்து வைத்துவிட்டான்.

"உங்களுக்கு அடிக்க மாட்டேண்ணே."

"என்னய்யா இது! அண்ணனும் தம்பியும் சேர்ந்து பேசி வச்சுக்கிட்டீங்களா?"

"போன மாசம் அண்ணன் இங்க வந்தாரு. தெருவுல இருக்கிற சலூன் பூராவுலயும் சொல்லிட்டு, கடைசியா என்கிட்ட. என் மூஞ்சியைப் பார்க்கலை. இந்தக் கண்ணாடியைப் பார்த்தே உங்க அடையாளத்தைச் சொன்னாரு. 'அந்த ஆளு தலையில டையை வச்சிடாதே'ன்னாரு. ஆறு வருஷத்துல என்கிட்ட பேசினது அவ்வளவுதான்."

வாட்ச்மேன் தன் வெள்ளைத் தலையைத் தடவிக்கொண்டார். நாளைக்கு இந்தத் தலையோடுதான் வரிசையில் நிற்கணும். கோபம் ஆறவில்லை.

"என்மேல இவ்வளவு அக்கறை இருக்கிற மனுசன், கூடப்பிறந்தவன்கிட்ட ஏன் பேசறதில்லையாம்? அப்படி என்னய்யா பண்ணித் தொலைச்சே?"

தம்பிக்காரன் தலை நிமிரவில்லை.

"அண்ணிக்கும் முதல்ல கண்ணுதான் வீங்குச்சு. ஒண்ணும் ஆகாது அண்ணின்னு சொல்லி, மறுபடியும் அடிச்சுவிட்டது நான்தான்."