சுடலைமுத்து என்றால்

டிரைவரின் பெயரைக் கொடுத்தால் நாளைக்கு எந்தத் தடம் என்று சொல்லும் ஃபங்ஷன் ஒன்றை, ஓய்வுபெற்றுப் போன பொன்னையா சார் பஸ் கம்பெனி கம்ப்யூட்டரில், எக்செல் மேக்ரோவில் எழுதி வைத்திருந்தார். புதிதாகச் சேர்ந்த ரிஸ்வானா திறந்து பார்த்தபோது நடுவில் ஒரு வரி உறுத்தியது. பெயர் சுடலைமுத்து என்றால் ஆற்றுப்பாலத் தடத்தை விட்டுவிட வேண்டும். எல்லா டிரைவருக்கும் பொதுவான ஃபங்ஷனுக்குள் யாராவது தனி ஆள் பெயரை எழுதுவார்களா? அழித்துவிட்டாள்.

மறுநாள் காலை சுடலைமுத்து ஆற்றுப்பாலத் தடத்தில் பஸ்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகுதான் டைம்கீப்பர் ஓடிவந்தார்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்ட? அவரு மவன் அந்தப் பாலத்துலருந்து விழுந்துதான செத்தான்!"

ரிஸ்வானா அந்த வரியைத் திரும்ப எழுதினாள். எழுதி என்ன, பஸ் போய்விட்டது. மதியம் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

பஸ் வந்ததும் சுடலைமுத்து நேராக அவள் மேசைக்கு வந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"மன்னிச்சிருங்கண்ணே, எனக்குத் தெரியாது" என்று எழுந்தாள்.

"பாலத்துல கொஞ்சம் நிப்பாட்டுனேன் தாயி. உள்ள இருந்த ஒருத்தரும் ஏன்னு கேக்கல." பாட்டிலைத் திறந்து மடமடவென்று தண்ணீர் குடித்தார். "இத்தன வருசமா அந்தத் தடத்தக் கேட்டு வாங்க எனக்கு வாய் வரல. எல்லாரும் பாத்துப் பாத்து ஒதுக்குனாங்க. இனி மொற வந்தா எனக்கும் அந்தத் தடத்தப் போடுவியா?"

ரிஸ்வானா உட்கார்ந்தாள். காலையில் எழுதிய வரியின் கடைசியில் கர்சரை வைத்து, ஒவ்வோர் எழுத்தாக அழிக்க ஆரம்பித்தாள்.