லேசர் அறைத் தோழி

எண்ணூர் உருக்காலையின் லேசர் அறையில் பார்வையில்லாதவர்களுக்கு மட்டும்தான் வேலை. இரும்புத் தகட்டில் படிந்த ஆக்சைடு செதிலை உரித்தெடுக்கும்போது தெறிக்கிற ஒளியிலிருந்து கண்ணைக் காக்க எந்தக் கண்ணாடியாலும் முடியாது.

செதில் பொரிந்து உதிரும் சத்தம் அடங்கினால் தகடு சுத்தம். ஜெசிந்தா ஒன்பது வருஷமாக அதைக் காதாலேயே கண்டுபிடித்து வந்தாள். பார்வை தரும் ஆபரேஷனுக்கு அழைப்பு வந்ததும், பக்கத்து மெஷின் கலாவல்லியிடம்தான் முதலில் சொன்னாள்.

"கண்ணு வந்தா உள்ள விட மாட்டாங்களேடி."

"போனா போகட்டும்டி வேலை. உன் பொண்ணு மூஞ்சியப் பாக்க வேணாமா?"

பார்த்தாள்; பார்த்து மாளவில்லை. ஒரு மாதம் கழித்து, ஷிப்ட் முடியும் நேரத்தில் ஆலை வாசலில் போய் நின்றாள். ஏழெட்டுப் பெண்கள் வெளியே வந்தார்கள். அவர்களில் யார் கலாவல்லி என்று தெரியவில்லை.

ஜெசிந்தா கண்களை மூடிக்கொண்டாள். இடப்பக்கம் கலாவல்லியின் சிரிப்பு கேட்டது. அந்தப் பக்கமாக நடந்தாள்.