காலி நாற்காலிக்குப் பொன்னாடை

பெண்ணியக் கோட்பாட்டின் புதிய போக்குகளைப் பற்றிய கல்லூரிக் கருத்தரங்கில், மேடை நடுவே ஒரு நாற்காலியைக் காலியாகப் போட்டிருந்தார்கள். பேச விடப்படாத பெண்களின் இடம் அது என்று சொல்லிப் பேராசிரியர் வசுமதி அதன் முன் கைகூப்பினார். அந்த நாற்காலியை மாடி அரங்குக்குத் தூக்கி வந்து துடைத்துப் போட்டவள் துப்புரவு வேலை பார்க்கும் இருளாயி. காலையிலிருந்து நின்றதில் முழங்கால் விண்விண்ணென்று தெறிக்க, தேநீர் இடைவேளையில் அதில் சற்று உட்கார்ந்தாள்.

"எந்திரிங்கக்கா, அதுல யாரும் உக்காரக் கூடாது," என்று ஓடி வந்தாள் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி.

"யாருக்குத் தாயி போட்டிருக்கு?"

"பேச வாய்ப்பே கிடைக்காதவங்களுக்கு."

இருளாயி எழுந்து, தான் உட்கார்ந்த இடத்தைத் துடைத்தாள்.

நிறைவில் அந்த நாற்காலிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தாங்கத் தோள் இல்லாததால் அது வழுக்கி வழுக்கி விழுந்தது. "அக்கா, பின்னாடி உக்காந்து ரெண்டு முனையையும் பிடிச்சுக்குங்க," என்றாள் அதே மாணவி. இருளாயி நாற்காலிக்குப் பின்னால் குந்திப் பிடித்துக்கொண்டாள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. புகைப்படக்காரன் மட்டும் கேமராவைத் தாழ்த்திவிட்டுச் சொன்னான்:

"இன்னும் கொஞ்சம் குனிம்மா. நீ தெரியிற."