சமதளத்தில் நிறுத்திய குற்றம்

"இன்னைக்கோட உன் சீட்டைக் கிழிக்கிறேன் பாரு!"

காலி வாளிகளோடு நின்ற கூட்டத்தின் நடுவே குடியிருப்போர் சங்கச் செயலாளர் கத்தினார். அவர் சட்டைப் பையில் டிரைவரின் பணிநீக்கக் கடிதம் தயாராக இருந்தது. அதில் காரணம் எழுதும் இடம் மட்டும் இன்னும் காலி.

அறுபது வீடுகள் கொண்ட குடியிருப்பு அது. குழாயில் தண்ணீர் வராது. தண்ணீர்த் தொட்டியை இழுத்து வர ஒரு பழைய டீசல் டிராக்டர், அதை ஓட்ட ஒரு டிரைவர். இன்று காலை இரண்டில் ஒன்று மக்கர் பண்ணிவிட்டது. செயலாளரைக் கேட்டால் இரண்டுமே என்பார்.

சாவியைத் திருப்பினால் டிராக்டர் 'ர்ர்... ர்ர்...' என்று முனகிவிட்டுப் படுத்துக்கொண்டது.

"சார், நேத்து நீங்க..." என்று டிரைவர் ஆரம்பித்தார்.

"நேத்துக் கதையெல்லாம் வேண்டாம். இன்னைக்கு ஏன் கிளம்பல? அதைச் சொல்லு."

"அதைத்தான் சார் சொல்ல வந்தேன்..."

"எதிர்த்துப் பேசாதே!"

ஆளாளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். மாடி வீட்டுப் பல் டாக்டர், இன்ஜெக்டரைப் பிடுங்கிப் பார்த்துவிடலாம் என்றார். ஹோட்டல்காரர் கொஞ்சம் சூடு காட்டச் சொன்னார். எங்கேயோ அடைப்பு என்று பிளம்பர் அடித்துச் சொன்னார். வாத்தியார் மட்டும் டிராக்டரை விட்டுவிட்டு டிரைவரைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

செயலாளர் ஓய்வு பெற்ற ஆடிட் அதிகாரி. அவருக்குத் தெரிந்த ஒரே பழுது திருட்டுதான்.

"டீசலை வித்துட்டு வெறும் டேங்கை வெச்சிருப்பான்" என்று பல் டாக்டரின் காதைக் கடித்தார். அது எல்லார் காதிலும் விழுந்தது.

டிரைவர் டேங்க் மூடியைத் திறந்து காட்டினார். டீசல் கழுத்து வரை இருந்தது.

"பாவங்க, அவரைக் கொஞ்சம் பேச விடுங்களேன்" என்றாள் வாளியோடு நின்ற செயலாளரின் மனைவி.

"நீ சும்மா இரு. இது நிர்வாகம்."

ஒன்பது மணிக்கு மெக்கானிக் வந்தார். பில்டரைக் கழற்றி மாட்டினார். டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கிறதா என்று பார்த்தார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இன்ஜின் குண்டுக்கல்லாட்டம் இருக்கு. பேட்டரிதான் காலி. இது செத்து ஒரு வருஷம் இருக்கும். அண்ணே, இத்தனை நாள் எப்படி ஸ்டார்ட் பண்ணீங்க?"

"வாசல் கேட்டுக்கிட்ட ஒரு மேடு இருக்கில்ல, அங்கதான் நிறுத்துவேன். காலையில சக்கரத்துக்கு அடியில வெச்ச கல்லை எடுத்தா தானா உருளும். உருளும்போது கியரைப் போட்டுக் கிளட்ச்சை விட்டா பிடிச்சுக்கும்."

"அப்புறம் யாரு இங்க சமதரையில கொண்டாந்து நிறுத்தினது?"

கூட்டம் டிரைவரைப் பார்த்தது. டிரைவர் செயலாளரைப் பார்த்தார்.

அந்த மேடு செயலாளர் வீட்டுப் பால்கனிக்கு நேர் எதிரே இருந்தது. "காபி குடிக்கும்போது இந்த ஓட்டை வண்டி மூஞ்சியிலயா முழிக்கணும்? கொண்டுபோய்ப் பின்னால நிறுத்து" என்று நேற்று மாலை விரட்டியது அவர்தான். அறுபது வீட்டு வாளியும் தன் தலையில் இறங்கப் போகிறது என்று ஓரடி பின்வாங்கினார்.

அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். டிரைவர் அதைக் கவனித்தார்.

"நான்தான்" என்றார். "ஏதோ ஞாபகத்துல நிறுத்திட்டேன்."

செயலாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில், "வேடிக்கை பாக்காதீங்கப்பா, தள்ளுங்க!" என்று அதட்டினார். இருபது பேர் மூச்சைப் பிடித்துத் தள்ள, டிராக்டர் கரும்புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. பத்தரைக்குத் தண்ணீர் வந்துவிட்டது.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள். "அந்த மனுஷன் வாயைத் திறந்திருந்தா உங்க மானம் கப்பலேறியிருக்கும்."

"எனக்கு மட்டும் நன்றி இல்லையா என்ன?" செயலாளர் பணிநீக்கக் கடிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டார். டிரைவரை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

"உன்னை மன்னிச்சிட்டேன். வேலையில இரு. ஆனா நிர்வாகம்னு ஒண்ணு இருக்கில்ல? இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடு."

டிரைவர் படித்தார். 'டிராக்டரை மேட்டில் நிறுத்தாமல், பொறுப்பின்றிச் சமதளத்தில் நிறுத்திய குற்றத்துக்காக இறுதி எச்சரிக்கை.'

கையெழுத்துப் போட்டார். செயலாளர் அதை ஃபைலில், புதுப் பேட்டரி கேட்டு டிரைவர் எழுதியிருந்த மூன்று விண்ணப்பங்களுக்கு மேலே வைத்தார். மூன்றிலும் அவருடைய சிவப்பு மை இருந்தது: 'ஓடுகிற வண்டிக்குப் பேட்டரி எதற்கு?'

டிரைவர் வாசல் வரை போய்த் திரும்பினார்.

"சாயங்காலம் வண்டியை எங்க சார் நிறுத்தட்டும்?"

செயலாளர் பால்கனி வழியாக மேட்டைப் பார்த்தார். வண்டி இல்லாமல் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

"இதைக்கூடவா நான் சொல்லணும்? பின்னாலதான்!"