பதினாலாம் நம்பர் படுக்கை

புயல் கரையேற ஐந்து நாள் இருக்கும்போதே பெரியாஸ்பத்திரியிலிருந்து சூசையின் வீட்டுக்குச் சீட்டு வந்துவிட்டது. "இந்த வீட்டில் ஒருவருக்குக் கால் முறியும். படுக்கை எண் பதினான்கு தயார்." யாருக்கு என்று வழக்கம்போல் போடவில்லை.

வீட்டில் இருந்ததே இரண்டு பேர். புருஷனுக்குத்தான் என்று முடிவுகட்டிய பிலோமினா, ஏணியைக் கொண்டுபோய்க் கோயிலில் போட்டுவிட்டாள். அவளுக்குத்தான் என்று பயந்த சூசை, கல்யாணமாகி இருபது வருஷத்தில் முதல்முறையாகத் தண்ணீர்க்குடத்தைத் தூக்கினான். கொல்லைக்குப் போவதென்றாலும் ஒருவர் கையை ஒருவர் விடவில்லை.

புயல் கூரையில் பாதியைக் கொண்டுபோனது. கால் நாலும் முழுசாக இருந்தன.

மறுநாள் நர்ஸ் எஸ்தர் வந்தாள். "படுக்கை காலியாவே கெடக்குண்ணே. சீட்டைக் குடுங்க, ரத்து பண்ணணும்."

சூசை உள்ளே எட்டிப் பார்த்தான். அவன் கொண்டுவந்த தண்ணீரில் பிலோமினா உலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த புயல் வரைக்கும் எங்கிட்டயே இருக்கட்டுமே தங்கச்சி," என்றான் குரலைத் தாழ்த்தி. "அவளுக்குத் தெரிய வேணாம்."

எஸ்தர் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "காலையில அக்காவும் போன் பண்ணி இதையேதாண்ணே சொன்னாங்க."