நீல டிரம்

மலையடிவாரச் சோதனைச் சாவடியில் மழை தூறிக்கொண்டிருக்கிறது. மலையில் பிளாஸ்டிக்குக்குத் தடை என்பதால், மேலேறும் வண்டிகளில் பிளாஸ்டிக் பாட்டில்களை வாங்கி, தண்ணீரை நீல டிரம்மில் கொட்டி, பாட்டிலைச் சாக்கில் போடுவதுதான் தொண்டுக்கு வந்திருக்கும் கல்லூரி மாணவி ஸ்ரீமதிக்கு வேலை. காலையிலிருந்து கொட்டிக் கொட்டி விரல்கள் மரத்துவிட்டன. யார் முகமும் மனதில் நிற்பதில்லை. ஒரு கார் டிரைவர் நீட்டும் பாட்டில்களில் லேபிள் இல்லாத ஒன்றும் இருக்கிறது. அதையும் கவிழ்க்கிறாள். பின்சீட்டில் கண்ணயர்ந்திருந்த பெண் திடுக்கிட்டு விழிக்கிறாள். “அம்மிணி, அது பவானி கூடுதுறைத் தண்ணிங்க. ஊட்டி ஆஸ்பத்திரில எங்கண்ணன் கடைசி மூச்சா கெடக்கறாரு. வாயில ஊத்தறதுக்குக் கொண்டு போறேன்.” குரலில் கோபம்கூட இல்லை. ஸ்ரீமதி காலிப் பாட்டிலுக்கு மூடி போட்டுத் திருகுகிறாள். பின்னால் ஹாரன்கள் அலறுகின்றன. அந்தப் பெண் பையிலிருந்து எவர்சில்வர் டம்ளரை எடுத்துக்கொண்டு இறங்கி வருகிறாள். எந்தெந்த ஊர்த் தண்ணீரோ கலந்து கிடக்கும் டிரம்முக்குள் குனிந்து மொள்கிறாள். “இதுலயும் கொஞ்சம் இருக்குமில்லீங்க?” ஸ்ரீமதி தலையாட்டுகிறாள். டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி அவள் ஏறிக்கொள்ள, முதல் கொண்டை ஊசி வளைவில் கார் மெல்ல, மிக மெல்லத் திரும்புகிறது. அடுத்த வண்டியின் கண்ணாடி இறங்குகிறது. ஸ்ரீமதி கையை நீட்டுகிறாள்.