ஆம் என்று அழுத்தியவர்

திரை கருப்பாகவே இருந்தது.

நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணை. முட்டை தரம் பிரிக்கும் மிஷினைச் சுற்றி நின்று அந்தக் கருப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். விரிசல் விட்ட முட்டையைக் கேமராவில் பார்த்து ஒதுக்குகிற கம்ப்யூட்டர் அது. பெல்ட் நின்றுவிட்டது. முட்டை மட்டும் வந்துகொண்டே இருந்தது.

கெடுத்தவன் நான்.

காலையில் திரையில் ஒரு பெட்டி வந்தது. 'புதிய மென்பொருள் வந்துள்ளது. புதுப்பிக்கவா?' கீழே 'ஆம்' என்றும் 'பிறகு' என்றும் இருந்தது. நான் ஐம்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவன். எதிரே எழுத்து வந்தால் விட மாட்டேன். எழுத்துக்கூட்டி முழுதும் வாசித்தேன். இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறதே என்று 'ஆம்' அழுத்தினேன்.

அணைந்து எழுந்த கம்ப்யூட்டர் கண்ணைத் திறக்கவில்லை.

"படிக்கத் தெரியுமேன்னு லோடு தூக்கறதுல இருந்து மிஷினுக்கு மாத்துனேன் பாரு. நாளையிலிருந்து லோடுக்கே போயிரு," என்றார் மேனேஜர் தனசேகர்.

எனக்கு முன்னால் என் இடுப்பு அதைக் கேட்டது.

மிஷின் கம்பெனியிலிருந்து நிலா என்ற பெண் வந்தாள். அஸ்தம்பட்டியிலிருந்து அவ்வளவு தூரம் ஸ்கூட்டரிலேயே வந்திருக்கிறாள். ஹெல்மெட்டைக் கழற்றி அடுக்கியிருந்த முட்டை அட்டை மேல் வைத்தாள். யார் செய்தது என்று கேட்கவில்லை. என்ன ஆச்சு என்று மட்டும் கேட்டாள்.

தன் லேப்டாப்பை ஒயர் போட்டு இணைத்தாள். வரி வரியாக இங்கிலீஷ் எழுத்து ஓடியது. எனக்குத் தலை சுற்றியது. அவள் அரிசியில் கல் பொறுக்குகிறவள் போலப் பார்த்துக்கொண்டே வந்து, ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"கம்ப்யூட்டரையே ஓட்டற லினக்ஸ் புதுசா மாறிருச்சுங்ண்ணா. திரையில படம் காட்டற கிராபிக்ஸ் கார்டு மென்பொருள் பழசாவே இருக்குது. சேசிஸ் புதுசு, பாடி பழசு. போல்ட் ஓட்டை சேரல, அவ்வளவுதான்."

லாரிக்குப் பாடி கட்டுகிற ஊரில் இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்.

புது லினக்ஸுக்குத் தகுந்த மாதிரி கார்டு மென்பொருளைக் கட்டினாள். வரவில்லை. முகம் சுளிக்காமல் மொத்தத்தையும் கழற்றி மறுபடி கட்டினாள். திரை ஒருமுறை சிமிட்டியது. முட்டைகள் தெரிந்தன. ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு பச்சைக் கட்டம். பெல்ட் நகர, விரிசல் விட்டது ஒன்று தானாக ஒதுங்கிப் போனது.

ரிப்பேர்க்காரர்கள் அத்தோடு கிளம்பிவிடுவார்கள். இவள் கிளம்பவில்லை.

இதே மிஷின் இருக்கிற எல்லாப் பண்ணைக்கும் போகிற மாதிரி, லினக்ஸையும் கார்டு மென்பொருளையும் ஒன்றை விட்டு ஒன்று போகாமல் ஒரே பொட்டலமாகக் கட்டினாள். அதைப் போட்டுப் பார்த்தாள், எடுத்துப் பார்த்தாள், மறுபடி போட்டாள். கொண்டுவந்து வைத்த டீ ஆடை கட்டியது. ஒரு வேலையை இப்படிச் செய்கிறவரை நான் பார்த்ததில்லை.

"அண்ணா, உங்க பேரு இனிஷியலோட சொல்லுங்க."

கம்பெனிக்குப் புகார் போகிறது என்று புரிந்தது. சொன்னேன்.

"ஊரையும் சேத்திப் போடுங்க அம்மிணி. அப்பத்தான் ஆளு தப்பிக்க முடியாது," என்றார் தனசேகர்.

ஊரும் கேட்டு அடித்தாள். "எழுத்து சரியா இருக்குதான்னு நீங்களே பாத்துருங்க," என்று லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள்.

தமிழ்தான். எழுத்துக்கூட்டினேன். முதல் சொல்லே 'பிழை'. அங்கேயே நின்றுவிட்டேன்.

"பிழை எங்களுதுங்ண்ணா. மத்த பண்ணையில யாருமே அந்தப் பெட்டிய படிக்கல, 'பிறகு' 'பிறகு'ன்னு தள்ளி உட்டுட்டாங்க. படிச்சு அழுத்துனது நீங்க ஒருத்தர்தான். இல்லாட்டி இது எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. மொதல்ல காட்டுனவங்க பேரைப் பொட்டலத்துல எழுதி அனுப்பறது எங்க வழக்கம். படிங்க."

படித்தேன்.

'பிழையைக் கண்டு சொல்லி உதவியவர்: ஆ. கந்தப்பன், ஆட்டையாம்பட்டி.'

தனசேகர் என் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்னைவிட வேகமாக வாசிப்பவர். நான் என் பெயருக்குப் போய்ச் சேர்வதற்குள், மிஷின் முன்னால் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தார்.